மதியம் எண்ட்மில் மாற்றினால் ஆழம் 30 மைக்ரான் (0.03 மி.மீ.) குறைகிறது: ஹைட் ஆஃப்செட்டில் எங்கே தப்பு?

கணபதி_செட்டர்

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் ஷாப்பில் விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின்) செட்டராக இருக்கிறேன். பிடி40 ஸ்பிண்டில், ஃபனுக் கண்ட்ரோல். இப்போது ஓடுவது 6061 அலுமினியப் பிளேட். டி1 என்பது 63 மி.மீ. ஃபேஸ் மில், மேல்முகத்தைச் சீவும். டி4 என்பது 12 மி.மீ. எண்ட்மில், அந்த முகத்திலிருந்து 20 மி.மீ. ஆழத்துக்குப் பாக்கெட் (பள்ளம்) போடும். ஆழத்துக்கு டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 0.02. பிளேட் தடிமனுக்கு 0.1 வரை தாராளமாக விட்டிருக்கிறார்கள்.

காலை 7 மணிக்கு வந்ததும் டேபிளில் 50 மி.மீ. டயல் செட்டரை (டூல் உயரம் பார்க்கும் கருவி) வைத்து ஒவ்வொரு டூலாகத் தொட்டு, மெஷின் இசட் (மேல்கீழ் அச்சு) மதிப்பை அந்த டூலின் ஹைட் ஆஃப்செட்டாக ஆஃப்செட் பக்கத்தில் ஏற்றிவிடுவேன். முதல் பிளேட்டிலிருந்து ஆழம் 20.00, சில சமயம் 20.01. பிரச்சினையே இல்லை. முந்தாநாள் பன்னிரண்டரைக்கு டி4 முனை சிதறிவிட்டது. புது எண்ட்மில் மாட்டி, அதே செட்டரில், அதே இடத்தில் வைத்துத் தொட்டேன். அடுத்த பிளேட்டின் ஆழம் 19.97. மறுபடி தொட்டுப் பார்த்தேன், அதே மதிப்புதான். சரி என்று வேர் (wear, தேய்மானத் திருத்தம்) கட்டத்தில் -0.03 போட்டு ஓட்டினேன், 20.00 வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல எல்லா டூலையும் புதிதாகத் தொட்டேன். வேரில் இருந்த -0.03ஐ அழிக்க மறந்துவிட்டேன். 20.03. ஒரு பிளேட் ஸ்கிராப். சூப்பர்வைசர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

செட்டர் கோளாறா, என் கை கோளாறா?

ரோலிங்_பின்

அந்த டயல் செட்டரைக் கடைசியாக எப்போது 50 மி.மீ. பிளாக்கோடு வைத்து ஜீரோ பார்த்தீங்க? எங்கள் ஷாப்பில் ஒன்று ரெண்டு முறை கீழே விழுந்த பிறகும் ராஜா மாதிரி டேபிளில் உட்கார்ந்திருந்தது.

நான் செட்டரையே நம்புவதில்லை. 10 மி.மீ. டவல் பின்னை (dowel pin, அளவான எஃகு உருளை) கீழே வைத்து, டூலை அதைவிடத் தாழ்வாக இறக்கி, அப்புறம் ஹேண்ட்வீலை பத்தில் (கிளிக்குக்கு 10 மைக்ரான்) போட்டு ஒவ்வொரு கிளிக்காக மேலே ஏற்றணும். பின் எந்தக் கிளிக்கில் உருண்டு உள்ளே போகிறதோ அதுதான் அளவு. மேலிருந்து பின்மேல் இறக்கவே கூடாது, கார்பைடு முனை போய்விடும். பேப்பர் வைத்துத் தொடுகிறவர்களுக்கு என் அனுதாபம். ஜெராக்ஸ் பேப்பர் சுமார் 0.1 இருக்கும், பில் புக் தாள் அதைவிட மெல்லிசு, எண்ணெய்க் கை பட்டால் இன்னொரு அளவு.

பழைய_டூல்ரூம்

பின் உருட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் தம்பி சொல்வதற்கு அது மருந்து இல்லை. செட்டர் தப்பாக இருந்தாலும் எல்லா டூலுக்கும் ஒரே தப்புதானே வரும்? 50க்குப் பதில் 49.9 இருந்தால் டி1, டி4 ரெண்டும் சேர்ந்து நகரும், ஆழம் மாறாது.

தம்பி, நீங்கள் எழுதியதில் சாவி எங்கே இருக்கிறது தெரியுமா? டி1ஐக் காலை 7 மணிக்குத் தொட்டீர்கள், டி4ஐப் பன்னிரண்டரைக்கு. நடுவில் ஐந்து மணி நேரம் ஸ்பிண்டில் ஓடிச் சூடேறியிருக்கிறது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11, 12 மைக்ரான் நீளும். ஸ்பிண்டில் 300 மி.மீ., சூடு 10 டிகிரி கூடியது என்று வைத்துக்கொண்டாலே 35 மைக்ரான் கீழே இறங்கிவிடும்.

காலையில் எல்லாவற்றையும் குளிர்ந்த ஸ்பிண்டிலில் தொட்டீர்கள். பிறகு சூடேறினால் டி1 30 மைக்ரான் இறங்கும், டி4உம் 30 மைக்ரான் இறங்கும். முகமும் பாக்கெட் அடியும் சேர்ந்து இறங்குவதால் ஆழம் 20தான். உங்கள் டெப்த் மைக்ரோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. மதியம் புது டி4ஐச் சூட்டில் தொட்டதும், அந்த ஒரு டூலின் ஆஃப்செட்டில் மட்டும் நீட்சி கணக்கில் வந்துவிட்டது. அது சரியான உயரத்தில் வெட்டுகிறது. டி1 இன்னும் காலைக் கணக்கிலேயே 30 மைக்ரான் தாழ்வாகச் சீவுகிறது. முகம் இறங்கிவிட்டது, அடி இறங்கவில்லை. எனவே 19.97. தப்பு டி4இல் இல்லை, டி1இல்!

நான் சொல்வதை நம்ப வேண்டாம். காலை முதல் பிளேட்டையும் மதியப் பிளேட்டையும் எடுத்துத் தடிமனை மைக்ரோமீட்டரில் பாருங்கள். மதியத்தது 0.03 மெலிந்திருக்கணும். 0.1 டாலரன்ஸ் என்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு சோதனை. காலையில் டி1ஐ மாட்டிச் செட்டரில் தொட்டு இசட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்பிஎம்மில் சும்மா ஓட விட்டு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தித் தொடுங்கள். நடுவில் டூலைக் கழற்ற வேண்டாம். இன்னொன்று, ஃபேஸ் மில்லில் எல்லா இன்சர்ட்டும் (வெட்டும் பல்) ஒரே உயரத்தில் இருக்காது. மிகத் தாழ்ந்ததைக் கண்டுபிடித்து மார்க்கரில் புள்ளி வைத்து, எப்போதும் அதையே செட்டர் மேல் கொண்டுவாருங்கள்.

ஓசூர்_புரோகிராமர்

டூல்ரூம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சோதனைக்கு முன் ஸ்பிண்டில் டேப்பரை (டூல் ஹோல்டர் உட்காரும் கூம்பு) துடைத்துவிடுங்க. பிடி டேப்பர் 24க்கு 7, அதாவது 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறும். விட்டத்தில் 5 மைக்ரான் எண்ணெய்ப் படலமோ தூசியோ உட்கார்ந்தால் இசட்டில் 17 மைக்ரான் காட்டும். ஒரே டூலை ஐந்து முறை கழற்றி மாட்டித் தொட்டால் தெரிந்துவிடும்.

எங்களிடம் மெஷினுக்கு வெளியே பிரிசெட்டர் (டூல் அளக்கும் கருவி) இருக்கிறது. டூல் நீளம் அங்கேயே அளந்துவிடுவதால் ஸ்பிண்டில் சூடு எச் மதிப்பில் (ஹைட் ஆஃப்செட்) கலப்பதே இல்லை. நீட்சி முழுவதும் ஜி54 (வேலைப்பொருளின் ஜீரோ) இசட்டில் மட்டும் பார்த்துக்கொள்கிற விஷயம். முதலாளியிடம் கேட்டுப் பாருங்க. (கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும்.)

கணபதி_செட்டர்

இன்று காலை சீக்கிரமே வந்து செய்து பார்த்துவிட்டேன்ங்க.

முதலில் டேப்பர். டி1ஐ ஐந்து முறை கழற்றி மாட்டினேன், 11 மைக்ரான் அலைந்தது. வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன், கறுப்பாக வந்தது. மறுபடி ஐந்து முறை, 3 மைக்ரான்.

அப்புறம் சூட்டுச் சோதனை. 7.10க்கு டயல் ஜீரோ காட்டியபோது மெஷின் இசட் -312.418. 20 நிமிடம் கழித்து -312.399. இன்னொரு 20 நிமிடம், -312.389. அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஓட விட்டும் ஒரு மைக்ரான்தான் ஆடியது. மொத்தம் 29.

பிளேட்டையும் பார்த்தேன். காலையது 35.02, மதியத்தது 34.99. ரெண்டையும் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துத் தடவிப் பார்த்தார், தடவினால் தெரியுமா என்ன?

ஒரு சந்தேகம். இனிமேல் ஸ்பிண்டிலை ஓட்டிச் சூடாக்கிவிட்டே தொடுகிறேன். ஆனால் அவசரத்தில் குளிரில் தொட்டுவிட்ட நாளில், நடுவில் ஒரு டூல் உடைந்தால்?

பழைய_டூல்ரூம்

உடையாத டூல் ஒன்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு டி1. புது டி4ஐத் தொடும்போது டி1ஐயும் எடுத்து ஒரு தடவை தொடுங்கள். அதன் பழைய மதிப்பைவிட 0.029 மேலே காட்டினால், புது டி4இன் மதிப்பில் அதே 0.029ஐக் கழித்து ஏற்றுங்கள். டி1ஐ மாற்ற வேண்டாம். இரண்டு நிமிட வேலை. நடுவில் டி1இல் இன்சர்ட் மாற்றியிருந்தால் அது சாட்சி இல்லை, வேறு டூலைத் தேடுங்கள்.

வேரைக் காலையில் தொட்டதுமே ஜீரோவாக்குங்கள். மைனஸ் 2 அடிக்கும்போது புள்ளி வைக்காவிட்டால் சில மெஷின்கள் அதை -0.002 என்று எடுத்துக்கொள்ளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோலிங்_பின்

சரி, ஒத்துக்கொள்கிறேன், செட்டர் நிரபராதி. 12 எண்ட்மில்லை ஈஆர் காலட்டில்தானே (டூலை நெரித்துப் பிடிக்கும் பிடி) பிடித்திருக்கீங்க? முனை சிதறியதற்கு முந்தின பிளேட்டின் ஆழத்தையும் ஒரு பார்வை பாருங்க. காலட் நட்டு தளர்ந்தால் எண்ட்மில் மெல்லக் கீழே இழுபடும். அது சூடு ஆறினாலும் மேலே ஏறாது.

கணபதி_செட்டர்

பார்த்தேன்ங்க. 20.01. நட்டு கெட்டியாகத்தான் இருக்கிறது. பேனலில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்: "டி1 தொட்ட நேரம்: ____". சூப்பர்வைசர் பார்த்துவிட்டு எதுக்குப்பா என்று கேட்டார். டீ குடிக்கும்போது சொல்கிறேன் என்றேன்.