புதுப்பிப்பு: மார்ஃபின் ஊசியும் எங்கள் நாயின் அறுவை சிகிச்சையும்

சிரைவழியாக மார்ஃபின் செலுத்தியதும் எங்கள் நாயின் முகம் சிவந்து, வயிற்றில் தடிப்புகள் எழுந்ததைச் சொல்லி, தோலிலுள்ள மாஸ்ட் செல் (ஒவ்வாமையில் பங்கேற்கும் நோயெதிர்ப்பு உயிரணு) கட்டியை அகற்றும்போது அதே மருந்தைத் தரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அறுவை நல்லபடியாக முடிந்தது.

மருத்துவர் விளக்கியபடி, இது வழக்கமான ஒவ்வாமை அன்று. ஓபியாய்டுகள் எனப்படும் வலுவான வலிநிவாரணிகளான மார்ஃபினும் பெத்திடினும் மாஸ்ட் செல்களை நேரடியாகத் தூண்டி, அவற்றுள் சேமிக்கப்பட்டுள்ள, தடிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும் வேதிப்பொருளான ஹிஸ்டமினை வெளியேற்றச் செய்கின்றன. ஆகவே அம்மருந்தை முன்பு பெற்றிராத நாய்க்கும் இது நேரலாம், ஓபியாய்டுக்கு முறிவான நாலோக்சோனும் இதைத் தடுப்பதில்லை. சிரையில் விரைவாகச் செலுத்தும்போதுதான் ஆபத்து மிகுதி. தடிப்பைவிட அஞ்ச வேண்டியது, இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிவதே. (மார்ஃபினுக்குப் பின் வரும் வாந்தி வேறு, அது மூளையின் வாந்தித் தூண்டல் பகுதியிலிருந்து எழுவது.)

மாஸ்ட் செல் கட்டியே ஹிஸ்டமின் நிறைந்தது என்பதால், முன்கூட்டியே ஹிஸ்டமினின் விளைவைத் தடுக்கும் டைஃபென்ஹைட்ரமின் கொடுத்து, ஹிஸ்டமினை மிகக் குறைவாகவே வெளியேற்றும் ஓபியாய்டான ஃபென்டனிலைத் தேர்ந்தெடுத்து, அறுவை முழுவதும் இரத்த அழுத்தத்தைக் கண்காணித்தார்கள். தடிப்பு எதுவும் எழவில்லை.

ஓபியாய்டுகளையே தவிர்க்கும்படி சிலர் அன்புடன் அறிவுறுத்தினீர்கள்; அதை என்னால் ஏற்க இயலவில்லை. மெத்தடோன், ஹைட்ரோமார்ஃபோன், பியூபிரினார்ஃபின் ஆகியவற்றிலும் இவ்விளைவு குறைவு என்னும்போது, வாயில்லா உயிரை வலியோடு விடுவதற்குக் காரணமே இல்லை. மார்ஃபினும் பெத்திடினும் கூடாதென அதன் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் செய்துள்ளேன்.