புதுப்பிப்பு: கப்பலூர் யூனிட்டில் 12 மணி நேர ஷிப்டை 8 மணி நேரமாக்கியது

மதுரை பக்கத்துக் கப்பலூரில் உள்ள எங்கள் யூனிட்டில், ஆட்களின் முணுமுணுப்பு இல்லாமல் ஷிப்ட் நேரத்தை எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. மாற்றம் நிலைத்துவிட்டது.

கைகொடுத்தது, 'நோட்டீஸ் போர்டில் ஒட்டுமுன் மேஸ்திரிகளிடம் பேசுங்கள்' என்ற யோசனைதான். வேலை நிபந்தனையை மாற்றுமுன் சட்டப்படி தரவேண்டிய 21 நாள் நோட்டீசுக்கு முன்பே அவர்களை உட்காரவைத்து, ஓவர்டைம் போனால் கையில் எவ்வளவு குறையும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று. முணுமுணுப்பின் வேரே அதுதான். நேரம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 'நல்லதுக்குத்தான்' என்று பொதுவாகப் பேசிய முதல் கூட்டம் வீண். பிறகு ஒரே லைனில் இரண்டு வாரம் வெள்ளோட்டம்.

எதிர்பாராதது: இரவு 10 மணிக்கு ஷிப்ட் விட்டால் உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குப் பஸ் சரிப்படவில்லை. வேன் வைத்தபின்தான் லீவு குறைந்தது. இன்னொன்று, ஷிப்ட் மாறும்போது 10 நிமிடம் இரு தரப்பும் சேர்ந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் மெஷின் கோளாறு அடுத்தவர் தலையில் விழும்.