சுரங்க வெடிவைப்புல எமல்ஷன் (கூழ் மாதிரி வெடிமருந்து) மாறினதும் புல் (துளை நீளத்துல பாறை உடைஞ்சு வர்ற பங்கு) விழுந்துடுச்சு, அவசரம்

டிரைவ்_பெங்களூர்: கார்ட்ரிட்ஜை (உறையில வர்ற மருந்து) விட்டு, ஹோஸ்ல துளைக்குள்ள ஏத்தற பல்க் எமல்ஷனுக்கு மாறியாச்சு. 4.5 × 4.5 மீ. டிரைவ் (சுரங்கப் பாதை). முன்னாடி புல் 90%, இப்ப 70% தாண்டல. கட்ல (முதல்ல வெடிக்கிற நடுத் துளைகள்) சாக்கெட் (உடையாம மிச்சமாகிற துளை அடி) நிக்குது, மேல ஓவர்பிரேக் (தேவைக்கு மேல பாறை உடையறது) வேற. திங்கக்கிழமை ரிப்போர்ட் கேக்கறாங்க.

ஜம்போ: துளை விட்டம், நீளம், ரீமர் (மருந்து போடாத பெரிய வெற்றுத்துளை) எத்தனை, டிலே (துளைகள் வெடிக்கிற நேர இடைவெளி) என்ன? ஈர ஃபேஸா (துளை போடற பாறை முகப்பு)?

நுரைமன்னன்: காஸிங் (மருந்துல நுரைக்குமிழ் உருவாகறது) முடியறதுக்குள்ள வெடி வச்சிருப்பாங்க. கப்ல மருந்தை நிரப்பி, பொங்கறதை வழிச்சு வழிச்சு எடை போடுங்க. எடை குறையறது நின்னாதான் அது கடைசி டென்சிட்டி.

டிரைவ்_பெங்களூர்: துளை 45 மிமீ, ரீமர் 89. நானெல் (மின்சாரம் இல்லாத டெட்டனேட்டர்), கட்ல 25 மி.செ. ஃபேஸ் காய்ஞ்சதுதான். டென்சிட்டி 1.0, நிலையா இருக்கு.

நுரைமன்னன்: அப்ப டெட் பிரஸ்ஸிங். பக்கத்துத் துளை வெடிச்சு நுரைக்குமிழை நசுக்கிடும், மருந்து செத்துடும்.

மாரிகுப்பம்: கப்பும் எடையும் பாத்தா ஃபேஸ் தெரியாது தம்பி. கோலார்ல வேலை பாத்த யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: 25 மி.செ.ல உடைஞ்ச கல்லு வெற்றுத்துளை வழியா வெளிய வராது, உள்ளயே இறுகிடும். கட் துளைகளுக்கு நடுவுல 75–100 குடுங்க.

சிக்னல்: எலக்ட்ரானிக் டெட்டனேட்டர் போட்டா இந்தத் தொல்லையே இல்ல.

மாரிகுப்பம்: அதைத்தான் 2025 ஏப்ரல்லேர்ந்து தடை பண்ணியாச்சே.

சிக்னல்: தடை எலக்ட்ரிக்குக்கு சார். எலக்ட்ரானிக் வேற.

மாரிகுப்பம்: விலையும் வேற. நானெல்லயே 100 மி.செ. இடைவெளி கிடைக்குது, அப்புறம் எதுக்கு?

சிக்னல்: பெரிமீட்டர்ல (ஓரத் துளைகள்) டிலே சிதறல் எவ்வளவுன்னு பாத்துட்டுப் பேசுங்க.

ஜம்போ: சண்டை இருக்கட்டும். துளை நீளம் இன்னும் வரல. ரீமர் ஒண்ணா ரெண்டா?

டிரைவ்_பெங்களூர்: ஒண்ணுதான். நீளம் 3.6. கார்ட்ரிட்ஜ் காலத்துல 3.0.

ஜம்போ: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! ஹோல்ம்பெர்க் கணக்கு (துளை ஆழத்துக்கான சூத்திரம்): வெற்றுத்துளை விட்டம் மீட்டர்ல, 0.15 + 34.1 × விட்டம் − 39.4 × விட்டத்தின் வர்க்கம். ஒரு 89க்கு 2.87 மீ. துளை அந்த ஆழம் வரைக்கும்தான் 95% எதிர்பார்க்கலாம். 3.0ல ஒப்பேறினது, 3.6ல படுத்துடுச்சு. ரெண்டு 89 போட்டா சம விட்டம் 126, ஆழம் 3.8 வரை தாங்கும். முதல் மருந்துத்துளை வெற்றுத்துளையிலேர்ந்து சம விட்டத்துல 1.5 மடங்குக்குள்ள, அதாவது 190 மிமீக்குள்ள. துளை வளையும்னா இன்னும் கிட்ட. ஓவர்பிரேக் தனி விஷயம்: கார்ட்ரிட்ஜுக்கும் துளைச் சுவருக்கும் நடுவுல காத்து இருந்தது, எமல்ஷன் சுவரோட ஒட்டி நிக்குது. பெரிமீட்டர்ல ஹோஸை வேகமா இழுத்து, துளையை நிரப்பாம மெல்லிசாப் போடச் சொல்லுங்க. நிக்கிற சாக்கெட்ல மட்டும் திரும்ப டிரில் வைக்க விடாதீங்க, மருந்து மிச்சம் இருக்கும்.

மாரிகுப்பம்: டிலேயும் மாத்தணும். எழுதி வச்சுக்கோங்க.

டிரைவ்_பெங்களூர்: ரெண்டு ரீமர் போட்டாச்சு. 3.6 மீ.ல 3.3 வந்துச்சு. மேல இன்னும் கொஞ்சம் கொட்டுது. தேங்க்ஸ்.

மாரிகுப்பம்: டிலே மாத்தினீங்களா இல்லையா?

நுரைமன்னன்: கப் டென்சிட்டி ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் எடுக்கறாங்களா?