1869 தங்க ஆணி விழாவை மேடையில் காட்ட வேண்டும்: ஆணி, கட்டை, மணி எப்படிச் செய்வது?

தகடூர்_வாத்தியார்
தர்மபுரி பக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணி விழாவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடித்துக் காட்டப் போகிறார்கள். மேடை 12 அடிக்கு 8 அடி. தண்டவாளம் மரத்தில் செய்து கரிச்சாயம் பூசியாயிற்று. மூன்று சந்தேகம். தங்க ஆணியைச் சம்மட்டியால் அடித்தார்களா, இல்லை சும்மா தொட்டார்களா? அடித்த சத்தம் தந்தியில் ஊரெல்லாம் போனது என்கிறார்களே, அதை மணி அடிப்பது போல் காட்ட முடியுமா? தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் ஆணி, டாக் ஸ்பைக், எங்கே கிடைக்கும்? பழைய இரும்புக் கடையில் இரண்டு கிடக்கிறது, வாங்கலாமா?

மொரப்பூர்_கேஜ்
சார், தங்க ஆணியை அடிக்கவே இல்லை. 1869 மே 10, யூட்டாவில் பிராமன்டரி சம்மிட். கலிபோர்னியா லாரல் மரத்தில் மெருகேற்றிய கட்டை ஒன்று, அதில் முன்கூட்டியே போட்ட துளைகள். சான்பிரான்சிஸ்கோ தொழிலதிபர் டேவிட் ஹியூஸ் செய்வித்த தங்க ஆணி, இன்னொரு தங்க ஆணி, நெவாடாவின் வெள்ளி ஆணி, தங்கமும் வெள்ளியும் இரும்பும் சேர்ந்த அரிசோனா ஆணி என நான்கையும் துளைகளில் இறக்கி, வெள்ளி முலாம் பூசிய சம்மட்டியால் லேசாகத் தட்டினார்கள். அவ்வளவுதான். உடனே நான்கையும் கட்டையோடு எடுத்துவிட்டுச் சாதாரண பைன் கட்டையைப் போட்டு இரும்பு ஆணி அடித்தார்கள். சம்மட்டி நிஜமாக இறங்கியது இந்த இரும்பு ஆணியில்தான். மேற்கிலிருந்து பாதை போட்டு வந்த மத்திய பசிபிக் கம்பெனித் தலைவர் லேலண்ட் ஸ்டான்போர்ட் ஓங்கி அடித்தது ஆணியில் படவில்லை என்றும், கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் கம்பெனியின் தாமஸ் டியூரண்ட் அடித்ததும் தப்பியது என்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சிரிப்பு மூட்ட இது போதும்.

ஹியூஸ் ஆணி 5⅝ அங்குலம், அதாவது 143 மி.மீ. எடை 436 கிராம். நம் கணக்கில் ஐம்பத்து நாலரைப் பவுன். ஆனால் 17.6 காரட்தான், மீதி செம்பு. 916 கேட்டு வாங்கும் நம்மூர்க் கடையில் கொடுத்தால் கழிவு போடுவார்கள். அதில் பொறித்த தேதி மே 8. விழா நடந்தது மே 10. டியூரண்ட் வந்த ரயிலைச் சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர்கள் வழியில் பீட்மான்ட் என்ற ஊரில் மறித்தார்கள், மழையும் பாதையைக் கெடுத்தது. சான்பிரான்சிஸ்கோக்காரர்கள் காத்திருக்காமல் 8-ம் தேதியே கொண்டாடிவிட்டார்கள். பேனரில் மே 10 போடுங்கள், ஆணியில் மே 8 எழுதுங்கள். யாராவது தப்பு என்று சொன்னால் பிள்ளைகள் விளக்கட்டும்.

ஓசூர்_ஒயரிங்
தந்தி விஷயம்: ஒரு கம்பியை இரும்பு ஆணியிலும் இன்னொன்றைச் சம்மட்டியிலும் இணைத்தார்கள். சம்மட்டி ஆணியைத் தொட்டால் சுற்று மூடும், தந்தியில் 'டக்' கேட்கும். நடைமுறையில் தந்தி ஊழியரே விசையைத் தட்டினார் என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். கடைசியில் போன செய்தி ஒரே சொல்: முடிந்தது.

இதையே பேட்டரி, பஸ்ஸர் வைத்து நேரடியாகக் கட்டினால் மேடையில் காலை வாரிவிடும். சம்மட்டி ஆணியைத் தொடுவது சில மில்லி செகண்டுதான், பஸ்ஸர் வாய் திறப்பதற்குள் தொடர்பு விட்டுப்போகும். ஒரு கெபாசிட்டர் சேர்த்தால் தீர்ந்தது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சம்மட்டித் தலைக்குக் கொண்டுபோங்கள். ஆணியிலிருந்து வரும் கம்பியை 1000 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட் கெபாசிட்டரின் பிளஸ்ஸிலும் பஸ்ஸரின் பிளஸ்ஸிலும் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டின் மைனஸும் பேட்டரி மைனஸுக்கு. தொட்ட கணத்தில் கெபாசிட்டர் நிறையும், அப்புறம் கிட்டத்தட்ட அரை செகண்ட் பஸ்ஸர் ஒலிக்கும். பஸ்ஸர் 20 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும் சின்ன ரகமாக இருக்கட்டும். பழைய காலிங் பெல் நிறைய கரண்ட் இழுக்கும், 'டிக்' என்று நின்றுவிடும். கெபாசிட்டரில் கோடு போட்ட கால் மைனஸ், மாற்றிக் கட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் சொதப்பும். ஒன்று பெயின்ட். ஆணித் தலையிலும் சம்மட்டி முகத்திலும் எமரி தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். இன்னொன்று சம்மட்டிக் கம்பி. ஒற்றை இழைக் கம்பி பத்து வீச்சில் ஒடியும். பல இழை ஒயரைக் காம்போடு டேப் சுற்றி, கைப்பிடி அடியில் அரை அடி தளர்வு விடுங்கள்.

காவேரிப்பட்டணம்_பட்டறை
இரும்புக் கடை ஆணியை வாங்காதீர்கள் சார். பாதையில் கழற்றியதாக இருந்தால் கையில் வைத்திருப்பதே 1966-ம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி சிக்கல். கொல்லுப்பட்டறையில் 16 மி.மீ. சதுரக் கம்பி கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் நான்கு அடித்துத் தருவார்கள். தலை ஒரு பக்கம் நாக்கு மாதிரி நீண்டிருக்க வேண்டும், தண்டவாளத்தின் அடிப்பாகத்தைப் பிடிப்பது அதுதான். நுனி உளி வாய் போல் இருக்கட்டும், ஊசியாக வேண்டாம். அந்த உளி வாய் மரத்தின் இழைக்குக் குறுக்கே இறங்க வேண்டும். இழையோடு இறங்கினால் கட்டை பிளக்கும்.

துளையில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். 16 மி.மீ. சதுரத்துக்கு 18 மி.மீ. துளை போட்டால் இறங்காது, மூலைக்கு மூலை 22.6 மி.மீ. இருக்கிறது. தங்க ஆணி கையால் இறங்க 24 மி.மீ. போடுங்கள். நிஜமாக அடிக்கும் இரும்பு ஆணிக்கு 13 மி.மீ. கட்டைக்கு வேம்பு நல்லது. காய்ந்த தைலமரம் நீளத்துக்கும் வெடிக்கும்.

சம்மட்டி இரண்டு கிலோ போதும். காம்பு ஆட்டம் காட்டினால் ஆப்பு இறுக்கிவிட்டு, முந்தின இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். கண்ணாடி போடாமல் யாரும் அடிக்கக் கூடாது, வீச்சுக்கு நேர் எதிரே ஆள் நிற்கக் கூடாது. மாற்று ஆணி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். கனடா பசிபிக் பாதையின் கடைசி ஆணியை 1885 நவம்பர் 7-ல் கிரெய்கெல்லாக்கியில் அடித்தபோது, டொனால்ட் ஸ்மித் அடித்த முதல் ஆணி வளைந்துபோய் வேறு ஆணி வைத்துத்தான் முடித்தார்கள். அங்கே தங்கம் கிடையாது, மற்றதைப் போலவே வெறும் இரும்பு. என்னைக் கேட்டால் அதுதான் விழா.

தகடூர்_வாத்தியார்
ரொம்ப நன்றி. அட்டையில் செய்யும் இரண்டு இன்ஜினும் ஒரே அச்சா? தண்டவாள இடைவெளி நம்ம பிராட்கேஜ் அளவே வைக்கலாமா?

மொரப்பூர்_கேஜ்
இரண்டும் வேண்டாம் சார். மேற்கிலிருந்து வந்த ஜூபிடர் விறகு இன்ஜின், தீப்பொறி பறக்காமல் தடுக்கப் புனல் மாதிரி அகன்ற புகைபோக்கி. கிழக்கிலிருந்து வந்த 119 நிலக்கரி இன்ஜின், நேரான குழாய்தான். சக்கரம் இரண்டுக்கும் ஒரே அமைப்பு: முன்னால் நான்கு சின்னது, பின்னால் நான்கு பெரியது.

இடைவெளி 1435 மி.மீ. நம்முடையது 1676, உங்கள் மேடையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கட்டைகளை இரண்டடிக்கு ஒன்றாக வைத்தால் 12 அடிக்கு ஆறு போதும்.

மத்திய பசிபிக் பக்கம் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் ஒரே நாளில் பத்து மைல், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் பாதை போட்டதில் தண்டவாளம் தூக்கிய எட்டுப் பேர் அயர்லாந்துக்காரர்கள், மற்ற வேலைக்குச் சீனர்கள். அந்தப் பத்து மைல், தர்மபுரி–மொரப்பூரில் ஏறக்குறைய பாதி தூரம். ஆனால் புகைப்படக்காரர் ரஸ்ஸல் விழாவில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் சீனர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு அந்த வேடம் கொடுத்து, கடைசித் தண்டவாளத்தைத் தூக்கி வரச் சொல்லுங்கள்.