புல்தரையில் படர்வது பருப்புக்கீரையா, வேறு களையா?

புல்தரை_மதுரை:
வீட்டு முன்னால் கொஞ்சம் கொரியன் புல் போட்டிருக்கிறேன். போன மாத மழைக்கு அப்புறம் அதில் ஒரு களை, தரையோடு தரையாகத் தட்டு மாதிரிப் படர்கிறது. தண்டு சிவப்பு, இலை பொடிப்பொடி. வாசல் கல் இடுக்கையும் விடவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, "பருப்புக்கீரைடா, எறிஞ்சிடாதே, கடைஞ்சு தாரேன்" என்று முறத்தோடு உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் பயம். இது கீரைதானா?

தாம்பரம்_மாடி:
கீழாநெல்லியாக இருக்குமோ?

கரிசல்மண்:
கீழாநெல்லி நிமிர்ந்து நிற்கும், இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்கும். இது அதில்லை.

ஒரு தண்டைக் கிள்ளுங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் சித்திரப்பாலாடை, அம்மான் பச்சரிசிக்குத் தங்கச்சி முறை. அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. மூலிகை என்று யாராவது வருவார்கள். மூலிகையெல்லாம் கீரை ஆகிவிடாது, சட்டியில் போட வேண்டாம்.

பால் வராமல் வெறும் நீர் கசிந்தால் பருப்புக்கீரை. தண்டு வழவழவென்று சதைப்பற்றாக இருக்கும், இலை தடித்து நுனி அகன்று குட்டிக் கரண்டி மாதிரி. வெயில் ஏறும்போது மஞ்சள் பூ விரியும், கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். காய் மூடி போட்ட சிமிழ்தான். மூடி கழன்றால் உள்ளே கடுகைவிடப் பொடியாகக் கறுப்பு விதை. பருத்திக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவன் நான். அம்மா கொத்திய களையில் பாதி அவர் மடியிலேயே வீடு வந்து சேரும்.

பிடுங்கியதை அங்கேயே போடாதீர்கள். ஈரம் பட்டால் கிடந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும்.

புல்தரை_மதுரை:
கிள்ளினேன், பால்! ஜெயித்த மிதப்பில் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முறத்திலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்தார். தண்ணீர்தான். ரெண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்திருக்கின்றன. முறம் முழுக்கத் துழாவினேன், பாலாடை ஒரு குச்சிகூட இல்லை. "கிள்ளிப் பார்க்காம யாருடா கீரை பறிப்பா?" என்கிறார்.

கரிசல்மண்:
அத்தையையே கேட்டிருக்கலாம்! வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் மட்டும் இந்தக் கீரையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புல்தரை_மதுரை:
யாருக்கும் இல்லை. சாப்பிட்டாகிவிட்டது. லேசாகப் புளித்தது, புளியே போடவில்லை என்கிறார் அத்தை. பாலாடையை நாளைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும்.