இழை: குறித்த அளவைத் தாண்டும் காணொளிக் கோப்பு – என்ன சொல்லலாம்?

ம. எழுதியது:
அன்புடையீர், காணொளி மாற்றும் மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். என்கோட் செய்த (சுருக்கி மாற்றிய) கோப்பு நாம் குறித்த அளவைவிடப் பெருத்துவிட்டால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க வருகிறது. அந்த நிலைக்கு ‘இலக்கு மீறல்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மற்றவை: என்கோடிங்குக்கு ‘குறியாக்கம்’, நொடிக்கு எத்தனை பிட் என்னும் பிட்ரேட்டுக்கு ‘பிட்வீதம்’, முதலில் படத்தை அலசிப் பிறகு மாற்றும் டூ-பாஸுக்கு ‘இருமுறைக் குறியாக்கம்’. சரிபார்த்துச் சொல்லுங்கள்.

ந. எழுதியது:
‘மீறல்’ வேண்டாம் அம்மா. உரிமை மீறல், ஒப்பந்த மீறல் என்று அதில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே அளவு கூடியது, அவ்வளவுதான். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளில் ‘சால மிகுத்துப் பெயின்’ என்றல்லவா வருகிறது? ‘அளவு மிகுதி’ என்க. பிட்வீதத்தை என்னால் ஏற்க இயலாது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ‘துணுக்கு வீதம்’ என்பதே முறை.

செ. எழுதியது:
ந. ஐயா பிட்டை அயற்சொல் என்று தள்ளிவிட வேண்டாம். ‘பிள்’ என்னும் வேரைப் பாருங்கள்: பிளவு, பிளத்தல், பிட்டுக் கொடுத்தல். உடைந்து சிறிதானது எதுவோ அது பிட்டு. இதை முன்பே ஓர் இழையில் விரித்து எழுதியிருக்கிறேன். உகரம் சேர்த்துப் ‘பிட்டு வீதம்’ என்றால் புணர்ச்சிச் சிக்கலும் தீர்ந்தது.

இ. எழுதியது:
செ. அண்ணா, பிட் என்பது பைனரி டிஜிட் (இரும இலக்கம்) என்பதன் சுருக்கம். 1948இல் வந்த தம் கட்டுரையில் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன், அந்தச் சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்றே குறிப்பிட்டிருக்கிறார். வேர் தேட அங்கே ஒன்றும் இல்லை. ந. ஐயா, துணுக்கும் ஆகாது. காணொளித் துணுக்கு என்றால் சிறு காட்சி என்று ஊரறிய வழங்குகிறது. ‘துணுக்கு வீதம்’ என்றால் நொடிக்கு எத்தனை காட்சி என்றுதான் படிப்பார்கள்.

சொல்லைவிட எனக்குக் கவலை வேறு. எது மிகுகிறது என்று பிரித்துப் பார்க்காமல் பெயர் வைக்கிறோம். எக்ஸ்264 என்னும் குறியாக்கியில் சி.ஆர்.எஃப் (தரத்தை நிலையாக வைக்கும் முறை) 23 என்று விட்டால் நாம் சொன்னது தரத்தை மட்டுமே. கோப்பளவு படத்தைப் பொறுத்தது: புள்ளி புள்ளியாய் இரைச்சல் நிறைந்த காட்சி பிட்டுகளை விழுங்கும், அசையாத காட்சி கொஞ்சத்தில் அடங்கும். இலக்கே கொடுக்காதபோது இலக்கு மீறல் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, கணக்குப் பிழை. 90 நிமிடம், அதாவது 5400 நொடி ஓடும் படம் 700 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். 1024இன் பெருக்கமாக மெகாபைட்டைக் கொண்டால் நொடிக்கு மொத்தம் 1087 கிலோபிட். ஒலிக்கு 128 போக, படத்துக்கு 959. ஆனால் மூலத்தில் இருக்கும் 384 கிலோபிட் ஒலியை அப்படியே நகலெடுத்தால் நொடிக்கு 256 கூடுகிறது. முடிவில் ஏறத்தாழ 17 கோடி பைட் அதிகம். குறியாக்கி படத்தைச் சொன்னபடிதான் செய்திருக்கிறது. ஆனாலும் கோப்பு பெருத்துவிட்டது.

மூன்றாவதுதான் உண்மையான இலக்குத் தவறல். இரு பாஸிலும் அளவைச் சொல்லிவிட்டு, தரம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று குவாண்டைசருக்கு (எவ்வளவு விவரத்தைக் கழிப்பது என்னும் எண்; அது கூடினால் தரம் குறையும்) உச்சவரம்பும் வைத்தால், குறியாக்கிக்கு இறுக்க வழியில்லை. தாண்டித்தான் ஆக வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் தப்பான இடத்தில் தேடுவார்.

க. எழுதியது:
வகுப்பில் கண்டதைச் சொல்கிறேன். ‘இருமுறைக் குறியாக்கம்’ என்றதும் மாணவர்கள் ஒரு கோப்பை மாற்றி, வந்ததை மறுபடி மாற்றினார்கள். தரம் கெட்டது. முதல் சுற்று படத்தை அலசிக் குறிப்பு எழுதத்தானே? ‘ஈரோட்டம்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். ஈரம் எங்கே என்று கேட்டார்கள்.

ந. எழுதியது:
உயிர்முன் இரண்டு ‘ஈர்’ ஆகும் என்று கற்பிப்பது ஆசிரியர் கடன். அதற்காகச் சொல்லை விடலாமா?

க. எழுதியது:
ஐயா, என் பாடம் காணொளி. ‘இருசுற்று’ போதும்.

செ. எழுதியது:
குறியாக்கம் என்பதையே மறையாக்கத்துக்கும் (என்கிரிப்ஷன்) சிலர் எழுதுகிறார்களே, அதை யார் தீர்ப்பது?

ம. எழுதியது:
அதற்கு நேரமில்லை செ. ஐயா. இ. சொன்ன மூன்றையும் தனித்தனித் தலைப்பாக்கிவிட்டேன். பொதுச்சொல்லுக்கு ‘அளவு மிகுதி’ என்று வைக்க நினைத்தேன். ஆனால் ‘மிகுதிப் பணம்’ என்றால் எஞ்சிய பணம். வட்டில் மிச்ச இடம் இருக்கிறது என்று யாராவது படித்தால் பொருள் நேரெதிராகிவிடும். ‘அளவு தாண்டல்’, ‘பிட்வீதம்’, ‘இருசுற்றுக் குறியாக்கம்’. மறுப்பு இல்லையென்றால் அனுப்புகிறேன்.

க. எழுதியது:
சரி.

இ. எழுதியது:
சரி. சி.ஆர்.எஃப் பகுதியில் மட்டும் ‘தாண்டல்’ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ‘கோப்பு பெரிதாக வந்தால்’ என்றே இருக்கட்டும்.

ந. எழுதியது:
என் மறுப்பு பதிவாகட்டும். தாண்டலுக்குக் கால் வேண்டும். மிகுதி குழப்புமானால் ‘மிகை’ இருக்கிறது. அதற்கு எஞ்சியது என்ற பொருள் வழக்கில் இல்லை. அடுத்த பதிப்பிலாவது ‘மிகையளவு’ என மாற்றுங்கள். பிட்வீதம் பற்றித் தனி மடல் எழுதுவேன்.