வடசென்னையில் விம்கோ நகரோடு முடியும் மெட்ரோ, அதைத் தாண்டி எந்தப் பக்கம் போக வேண்டும்?

எர்ணாவூரான்:
வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிட இருந்த மெட்ரோவை விம்கோ நகர் வரை சுமார் 9 கி.மீ. நீட்ட வைத்ததே வடசென்னை மக்கள் விடாமல் கேட்டதால்தான். 2016ல் அடிக்கல், 2021 பிப்ரவரியில் ரயில். அடுத்து எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நேராகப் போக வேண்டும். அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், லாரி ஆலை எல்லாம் அந்தப் பக்கம்தான். ஊருக்கே கரண்ட் கொடுத்துவிட்டு சாம்பலை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டுமா? மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; அதில் எண்ணூர் பக்கம் ஒரு தூண்கூட இல்லை.

தேரடிக் கடை:
எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் ரயில் ஏற்கெனவே ஓடுகிறதே சார். கும்மிடிப்பூண்டி லைனில் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு எல்லாமே ஸ்டேஷன்கள். மின்சார ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய், மெட்ரோவில் 10. டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) மெட்ரோ தூண் போட்ட வருஷங்களில் என் கடை தகரத் தடுப்புக்குப் பின்னால் கிடந்தது. பழைய வாடிக்கையாளர்களே கடையை மூடிவிட்டேன் என்று நினைத்தார்கள். எங்கள் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் திறந்தது 2022 மார்ச்சில், ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம் கழித்து. ரயில் போகிற வழியிலேயே இன்னொரு ரயிலுக்காக இதையெல்லாம் இன்னொரு தெரு தாங்க வேண்டுமா?

எர்ணாவூரான்:
லைன் இருக்கிறது, வண்டி வர வேண்டாமா? டெல்லி, ஹவுரா, விஜயவாடா எக்ஸ்பிரஸ் எல்லாம் அந்த வழிதான். நிலக்கரி வண்டியும் அதே வழிதான். சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலுக்காக நிற்போம். ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் சம்பளம்.

தேரடிக் கடை:
அப்படியானால் கூடுதல் தண்டவாளம் கேளுங்கள், அதைத்தான் நானும் சொல்கிறேன். மெட்ரோ தண்டவாளத்தின் அகலம் 1435 மி.மீ., ரயில்வேயில் 1676. அந்த வண்டி இந்தத் தடத்தில் ஓடாது. பக்கத்திலேயே முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். இன்னொன்று, காசிமேட்டில் மீன் எடுக்கும் அக்காமார் கூடையோடு மின்சார ரயிலில் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் ஏறி மீஞ்சூர் வரை போகிறார்கள். மெட்ரோவில் அந்தக் கூடையை உள்ளேயே விடமாட்டார்கள். மெட்ரோ வந்தபின் மின்சார ரயிலைக் குறைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மணலிப்பெண்:
அண்ணன்மார் இரண்டு பேரும் கடற்கரையோரம் ரயில் ஒன்றா இரண்டா என்று பேசுகிறீர்கள். எங்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. மணலிக்கு வரும் தண்டவாளத்தில் சரக்குதான் போகும். திருவொற்றியூர், கத்திவாக்கத்தோடு நாங்களும் 2011ல் மாநகராட்சியில் சேர்ந்தவர்கள்தான். இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து 2 தடங்கள் கிளம்புகின்றன: சிறுசேரி சிப்காட்டுக்கு 45.8 கி.மீ., கோயம்பேடு வழியாகச் சோழிங்கநல்லூருக்கு 47 கி.மீ. விம்கோ நகரிலிருந்து மேற்கே திரும்பி மணலி வழியாக மாதவரத்தில் சேர்த்துவிட்டால், திருவொற்றியூர்க்காரர் கோயம்பேடு போக சென்ட்ரல் வரை இறங்கி வர வேண்டியதில்லை. இரண்டு முனைகளும் தொங்கிக்கொண்டிருக்கின்றன, நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

எர்ணாவூரான்:
படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. ஆனால் ரயில் பாதையைத் தாண்டணும், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டணும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அப்புறம் பாதி தூரம் ஆலை மதில்தான். ஸ்டேஷனில் யார் ஏறுவார்கள்?

மணலிப்பெண்:
மதிலுக்கு உள்ளே வேலை செய்கிறவர்கள் ஏறுவார்கள். சாயங்காலம் ஷிப்டு விடும்போது வந்து பாருங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் டிபன் பையை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போவார்கள். முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரி, நடுவில் சக்கரத்தை ஒட்டியே பைக்குகள். என் அப்பா அந்த ரோட்டில்தான் விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

தேரடிக் கடை:
அப்பா இப்போது நன்றாக இருக்கிறாரா அம்மா? மணலிக்கு ரயில் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது வர எத்தனை வருஷம் ஆகுமோ! அதுவரை விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலிலிருந்து மணலிக்குச் சாதா பஸ் நிறைய விடச் சொல்லுங்கள். பெண்களுக்கு அதில் டிக்கெட்டே கிடையாது.

மணலிப்பெண்:
நடக்கிறார் அண்ணா, வேலைக்குத்தான் போக முடியவில்லை. பஸ் வரட்டும், அதை வைத்து ரயிலைத் தள்ளிப்போட மட்டும் விடக் கூடாது. பயணிகள் கணக்கெடுக்க யார் வந்தாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டாம். காலை ஷிப்டு மாறும் நேரத்தில் ஆலை கேட் வாசலில் வந்து நின்று எண்ணட்டும்.